அரைப்புள்ளி இல்லாத இயந்திரம்

போன மாதம் சிட்னி மேய்ஸ் ஹில்லில் நடந்த நம் மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது நினைவிருக்கும். மருத்துவமனைத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டு வந்திருந்தீர்கள். அதில் ஏழு இடங்களில் அரைப்புள்ளி இருந்தது. சென்னையிலிருந்து வந்திருக்கும் தம்பி, "தமிழுக்கு எதுக்குங்க இது? ஒரு புள்ளி வச்சா முடிஞ்சு போச்சு" என்றார். இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை விடவில்லை. "அப்பிடி வெட்டினா வசனமெல்லாம் துண்டு துண்டாப் போயிடும். ரெண்டும் ஒண்டோட ஒண்டு சேர்ந்த விசயம். என்ன அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தேநீர் ஆறிப்போகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்தக் குறியைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. எழுதுவதென்றால் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் சிட்னிக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை. என் கணவர் பொறியியலாளர். அவருடைய படிப்பை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று காகிதங்களோடு அலைந்துகொண்டிருந்தார். எனக்கு யாழ்ப்பாணத்தில் படித்த தட்டச்சு இருந்தது. இரசாயனப் பொருள்களை இறக்குமதி செய்து விற்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், டெலெக்ஸ் அறையில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். அதில் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

டெலெக்ஸை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தட்டச்சுப் பொறியும் தொலைபேசியும் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் அடிப்பது ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு பொறியில் அச்சாகும். அந்த விசைப்பலகையில் எழுத்துகள் இருந்தன, எண்கள் இருந்தன, முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் இருந்தன. அரைப்புள்ளி மட்டும் இல்லை.

எங்கள் தலைமை வேதியியலாளரோ அரைப்புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டார். ஸ்கொட்லாந்துக்காரர். மை ஊற்றும் பேனாவால் குறிப்பெழுதித் தருவார். "ஒருவன் யோசித்து எழுதுகிறானா என்பதை இந்த ஒரு குறியை வைத்தே சொல்லிவிடலாம்" என்பார். விற்பனை மேலாளருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன்தான் அதைப் போடுவான்" என்று கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். டெலெக்ஸ் அறையின் மேற்பார்வையாளர், ஐம்பது வயதைத் தாண்டிய பெண், இரண்டு பேரையும் சட்டை செய்யமாட்டார். முதல் வாரத்திலேயே நான் அவரிடம் கேட்டேன்.

"அவர் அரைப்புள்ளி போட்ட இடத்தில் நான் என்ன அடிப்பது?"

"காற்புள்ளி."

"முற்றுப்புள்ளி போட்டால் தெளிவாக இருக்குமே?"

"முற்றுப்புள்ளி போட்டால், என் வாக்கியத்தை ஏன் வெட்டினாய் என்று மேலே இருந்து இறங்கி வந்து கத்துவார். காற்புள்ளி போட்டால் அவர் கண்ணில் படாது. எத்தனையோ வருடமாக இப்படித்தான் போகிறது. நீ புதிதாக எதையும் தொடங்காதே."

நான் தொடங்கவில்லை. சோதனைக் காலத்தில் இருப்பவள், நிறத்திலும் உச்சரிப்பிலும் அந்தக் கட்டடத்தில் தனியாகத் தெரிந்தவள், வேறென்ன செய்வேன்?

மாசி மாதத்தில் ஒரு நாள், மதியம் பன்னிரண்டரை மணி. மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். பொறியில் மணி அடித்தது. குயின்ஸ்லாந்தின் வடக்கே ஒரு சிறிய துறைமுக ஊரில் இருந்த எங்கள் கிடங்கிலிருந்து செய்தி. அங்கே ஒரு வாரமாக அடைமழை.

"கிடங்குக்குள் தண்ணீர். மின்பெட்டியில் புகை. மூலையில் சாக்குகள் எரிகின்றன. பக்கத்தில் சாம்பல் நிறப் பீப்பாய்கள் அறுபது. சீட்டுகள் நனைந்து உரிந்துவிட்டன. உள்ளே என்ன இருக்கிறது? தீயணைப்புப் படைக்குச் சொல்லியாயிற்று."

கீழே சரக்கு எண் இருந்தது. தாளைக் கிழித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். வேதியியலாளர் பேரேட்டைப் புரட்டினார். எண்ணைக் கண்டதும் நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, "உடனே அனுப்பு" என்று என் கையில் திணித்துவிட்டு, மீதிச் சரக்கு எங்கே போயிருக்கிறது என்று பார்க்கத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கிடங்குக்குப் போனார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"பீப்பாய்களில் இருப்பது கால்சியம் கார்பைடு. அவற்றின் மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம்; தீயணைப்புப் படை வரும்வரை, யாரையும் உள்ளே விட வேண்டாம்."

நான் அனுப்பியது இது.

"பீப்பாய்களில் இருப்பது கால்சியம் கார்பைடு. அவற்றின் மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம், தீயணைப்புப் படை வரும்வரை, யாரையும் உள்ளே விட வேண்டாம்."

அந்த முனையின் அடையாளச் சொல் திரும்பி வந்தது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட. ஒரு பிழை இல்லாமல், இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருந்தேன்.

கோப்பில் போடுமுன் கையெழுத்துப் பிரதியையும் அச்சுப் பிரதியையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் மனதுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். அன்றும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தமிழில் அது இப்படி வந்தது. "தீயணைக்கிற ஆக்கள் வருமட்டும் தண்ணி அடிக்க வேண்டாம்."

அதாவது, அவர்கள் வந்த பிறகு அடிக்கலாம்.

மறுபடி படித்தேன். ஆங்கிலத்தில் அந்த 'வரும்வரை' முன்னால் இருப்பதோடும் ஒட்டும், பின்னால் இருப்பதோடும் ஒட்டும். தமிழில் சொல்லும்போது ஏதாவது ஒரு பக்கம் அதைக் கொண்டுபோய் வைத்தே ஆகவேண்டும். நான் யோசிக்காமல் வைத்தது கொல்லுகிற பக்கம். வேதியியலாளரின் தாளில், தண்ணீரைப் பற்றிய பேச்சு அந்த அரைப்புள்ளியோடு முடிந்திருந்தது. என் தாளில் முடியவில்லை.

கார்பைடு என்றால் உங்களுக்கும் தெரியும். மாம்பழத்தை அவசரமாகப் பழுக்கவைக்கச் சந்தையில் பயன்படுத்தும் கல் அதுதான், தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயு விடும். என் அண்ணன் அதில் ஒரு துண்டைப் பால்மா டின்னில் போட்டு, எச்சில் துப்பி, நெருப்புக் காட்டி மூடியை வெடிக்கவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன். ஒரு துண்டுக்கும் வாய் எச்சிலுக்கும் அந்தப் பாடு. அங்கே அறுபது பீப்பாய் இருந்தது. அந்த ஊர்த் தீயணைப்புக்காரர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. ஊர்த் தொண்டர்கள். கரும்புத் தோட்டத்துத் தீயை அணைத்துப் பழகியவர்கள். கையில் இருப்பது தண்ணீர்க் குழாய்.

பிள்ளைகளே, முதலில் எனக்கு வந்த நினைப்பை உள்ளபடி சொல்கிறேன். அந்தக் கிடங்குக்காரர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருப்பார், ஒன்றும் ஆகாது, கோப்பில் போட்டுவிடலாம். ஒரு நிமிடம் முழுக்க அப்படி இருந்தேன்.

பிறகு வேதியியலாளர் போன கிடங்குக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டெலெக்ஸில் வடக்கூர்க் கிடங்கைச் சுழற்றினேன். அந்த முனை வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்தது. மறுபடி சுழற்றினேன். மறுபடி அறுந்தது. தொலைதூர அழைப்புக்கு இணைப்பகத்தைக் கூப்பிட்டேன். என் உச்சரிப்பில் அந்தப் பெண்ணுக்கு ஊரின் பெயரே விளங்கவில்லை. மூன்று தரம் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"அங்கே தீ" என்றேன்.

"அம்மா, மழையில் பாதித் தடங்கள் போய்விட்டன. முயற்சி செய்துகொண்டே இருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது."

கையொப்பம் இல்லாமல் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் அறையின் முதல் விதி. மீறினால் மற்றவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். எனக்கு வேலை போகும், அது உறுதி. அனுப்ப வேண்டியதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவருடைய தாள் என் முன்னால் இருந்தது, அதில் அவர் கையெழுத்தும் இருந்தது. நான் சொல்லப்போவது அவர் சொன்னதுதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கிடங்கின் முகவரியில் 'சீனி ஆலைக்கு எதிரே' என்று இருந்தது. டெலெக்ஸ் எண்கள் உள்ள புத்தகத்தில் அந்த ஊரைத் தேடினேன். ஐந்தே பெயர்கள். சீனி ஆலை இருந்தது. சுழற்றினேன். அடையாளச் சொல் வந்தது.

இந்தத் தடவை எழுதிய தாள் எதுவும் இல்லாமல் நேரடியாக அடித்தேன்.

"அவசரம். யாராவது இருக்கிறீர்களா."

நான்கைந்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு பொறி தானாக அடிக்கத் தொடங்கியது.

"இருக்கிறேன். யார்?"

"சிட்னி. உங்களுக்கு எதிரே உள்ள கிடங்கில் தீ. பீப்பாய்களில் கார்பைடு. தண்ணீர் அடிக்கவே கூடாது. தீயணைப்புப் படையும் அடிக்கக் கூடாது. எப்போதும் கூடாது. ஓடிப்போய்ச் சொல்லுங்கள்."

"படை வந்து குழாய் விரிப்பது சன்னல் வழியே தெரிகிறது."

"ஓடுங்கள்."

"போகிறேன்."

அதற்குப் பிறகு பொறி வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. இணைப்பை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. வெற்றுத் தாளைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல் இருந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியாமல்.

வேதியியலாளர் திரும்பி வந்தபோது நான் இரண்டு தாள்களையும் அவரிடம் நீட்டினேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவர் அச்சுப் பிரதியைப் படித்தார்.

"நான் அரைப்புள்ளி போட்டிருந்தேன்."

"ஓம். இந்தப் பொறியில் அது இல்லை."

"என்ன இல்லை?"

"அரைப்புள்ளி. அந்த விசையே இல்லை."

குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவினார். எட்டு வருடமாக அந்தப் பொறிக்காக எழுதிக்கொடுத்தவர், அன்றுதான் அதன் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் கழித்துச் சீனி ஆலையிலிருந்து செய்தி வந்தது. அடித்தவள் அந்த ஆலையின் டெலெக்ஸ்காரப் பெண். மழையில் தண்டவாளத்தைத் தாண்டி ஓடியிருக்கிறாள். அங்கே கிடங்குக்காரர் என் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு படைத் தலைவரிடம், "நீங்கள் வரும்வரை அடிக்க வேண்டாம் என்றார்கள். இதோ வந்துவிட்டீர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இவள் கத்தினாள். ஆனால் குழாய் அதற்குள் திறந்துவிட்டது. முதல் வரிசையில் மூடி நெளிந்திருந்த ஒரு பீப்பாயில் தண்ணீர் பட்டு, தீ கூரைவரை எழும்பியது. குழாயைப் பிடித்திருந்தவருக்கு இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயின. மற்றவர்கள் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மணலைப் போட்டு மூலைத் தீயை அடக்கினார்கள். மிச்சம் ஐம்பத்தொன்பது பீப்பாயும் தப்பின.

கை வெந்தவர் அந்த ஊரின் பேக்கரிக்காரர். பிழைத்துக்கொண்டார். குளிர்காலம் வரும்வரை மாவில் கை வைக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

இரண்டு நாள் கழித்து விசாரணை என்றார்கள். அதற்கு முதல் நாள் விற்பனை மேலாளர் டெலெக்ஸ் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "மழையில் லைன் கெட்டு எழுத்து மாறுவது வழக்கம்தானே? அப்படித்தான் நடந்திருக்கும். யார் தலையும் உருள வேண்டியதில்லை" என்றார். மேற்பார்வையாளர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அப்படித் தப்ப ஒரு வழி இருப்பது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நீர் ஒண்டும் சொல்லாதையும். லைன் பிழை எண்டு அவையே சொல்லீனம். பிறகேன் நீர் போய் வாயைக் குடுக்கிறீர்? எனக்கும் இன்னும் வேலை இல்லை."

"அந்த மனுசன்ரை கை வெந்து போச்சு."

"நீர் சொன்னாப்போலை அது ஆறிப்போமே?"

"ஆறாது. ஆனா லைன் பிழை எண்டா, நாளைக்கும் நான் காற்புள்ளிதானே போடுவன்?"

அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

விசாரணையில் ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். என் முறை வந்தது. "காற்புள்ளியை நான்தான் போட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது" என்றேன். விதி யாருடையது என்று கேட்டார்கள். "அறையின் வழக்கம்" என்றேன். மேற்பார்வையாளர் அப்போது கையைத் தூக்கி, "நான் சொல்லிக்கொடுத்தது" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வேதியியலாளர் எழுந்து, "அந்தப் பொறியால் என்ன சொல்ல முடியும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யாரையும் நீக்கவில்லை. என் சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள்.

நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு என் பதில், அந்தக் குறி நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது என்பதுதான். யாராவது அவசரத்தில், ஈரக் கையோடு, உங்கள் வரியை இன்னொருவருக்குப் படித்துக்காட்டுவார். படிக்கும்போது அந்தக் குறி கீழே விழுந்துவிடும். விழுந்த பிறகும் வாக்கியம் அதே பொருளோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நிற்காவிட்டால், குறியைத் தொடாதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு அதிகப் பயம் வந்தது அந்த மதியத்தில் இல்லை.

விசாரணை முடிந்த மறுநாள் வேதியியலாளர் டெலெக்ஸ் அறைக்கு வந்தார். எட்டு வருடக் கோப்புகளையும் இறக்கச் சொன்னார். அவர் கையெழுத்துப் பிரதிகளை அவர் படிப்பார், அனுப்பிய பிரதியை நான் படிப்பேன். அரைப்புள்ளி வந்த இடமெல்லாம் நிறுத்துவோம். தினம் ஒரு மணி நேரம், வேலைக்கு நடுவே. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. விலை, கப்பல் நாள், வாழ்த்து. சில இடங்களில் அவர் மூச்சை உள்ளே இழுப்பார். அங்கே நாங்கள் தொலைபேசியை எடுப்போம். சரக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பதில் வரும்.

ஆனி மாதம் குளிர் பிடித்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு கோப்பில் மெல்பேர்ன் கிடங்குக்குப் போன செய்தி அகப்பட்டது. நோபல் பார்க் பக்கம் இருந்த கிடங்கு, சுற்றிலும் வீடுகள். நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் தூளையும் அமிலத்தையும் பற்றியது, இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அவர் எழுதியது, "இவை இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டாம்; வெயில் மாதங்களில், கதவுகளைத் திறந்து வையுங்கள்." போனது காற்புள்ளியோடு.

அவர் எண்ணைச் சுழற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். கிடங்குப் பொறுப்பாளரின் குரல் எனக்கும் கேட்டது. நல்ல சுறுசுறுப்பான குரல்.

"அந்தத் தாளா? சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஐயா. புது ஆள் வந்தால் முதலில் இதைத்தான் காட்டுவேன். படிக்கட்டுமா? இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டாம் வெயில் மாதங்களில்." அங்கே ஒரு மூச்சு விட்டார். "கதவுகளைத் திறந்து வையுங்கள்."

"இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள்?"

"இப்போது குளிர்தானே. சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். இடம் மிச்சம். ஏன் ஐயா?"

வேதியியலாளர் தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றினார். பிடித்திருந்த இடத்தில் ஈரம் தெரிந்தது.

"போனை வைக்காதீர்கள். நான் சொல்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லுங்கள். ஆட்களை வெளியே அனுப்புங்கள்."

"ஆட்களை வெளியே அனுப்புகிறேன்."

"கதவுகளைத் திறவுங்கள்."

"கதவுகளைத் திறக்கிறேன்."

"அமிலத்தைத் தொடாதீர்கள். தூளை மட்டும் நகர்த்துங்கள். இரண்டு பேர் போதும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மறுகுரல் வரும்வரை காத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே இருந்தோம். கடைசியில் அந்த மனிதர், "எல்லாம் பிரித்தாயிற்று. சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன்" என்றார். அவர் குரலில் சுறுசுறுப்பு இல்லை.

வேதியியலாளர் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போடவில்லை.

"இன்னும் எத்தனை கோப்பு இருக்கிறது?" என்று கேட்டார்.

"நாலு" என்றேன்.

அடுத்ததை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.